பெரியப்பா கொடுத்த கோல்ஃப் டிரைவரை வைத்து ஆடலாமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய பெரியப்பா 2002-ல் டர்பனில் வாங்கிய டிரைவர் ஒன்றை, அதாவது கோல்ஃபில் பந்தை அதிக தூரம் அடிக்கும் மட்டையை, இவருக்குக் கொடுத்திருக்கிறார். போன சனிக்கிழமை கூட ஆட வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இது விதிக்குப் புறம்பான மட்டை, இதை வைத்து ஆடினால் உன் ஸ்கோர் செல்லாது" என்று சொல்லிவிட்டாராம். இவருக்கு ஹேண்டிகேப் 24, ஆட்டத் திறனைக் காட்டும் எண் அது, கூடக் கூடத் திறமை குறைவு. நான் என்ன பெரிய ஆட்டக்காரர் எர்னி எல்ஸா, ஒருநாளும் டிவியில் வரப்போவதில்லை, எனக்கு எதற்கு இந்த விதியெல்லாம், போதாததற்கு 2030-ல் பந்தையே மாற்றப்போகிறார்களாமே, அதுவும் என் தலையில்தான் விடியுமா என்று கேட்கிறார். கடைசியில் பையில் ஒரு சிப்பரும் (குழிக்குப் பக்கத்திலிருந்து பந்தை மெல்லத் தட்டும் மட்டை) இருக்கிறது, அதையாவது விடுவார்களா என்று ஒரு வரி.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூட வந்தவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் அந்த டிரைவர் உங்களுக்குத் தரும் லாபம் நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. வீட்டு ஆட்களோடு பொழுதுபோக்காக ஆடினால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆடுங்கள். ஸ்கோரை ஹேண்டிகேப் கணக்குக்காக ஹெச்என்ஏ-வில் பதிகிறீர்கள், கோப்பைக்கு ஆடுகிறீர்கள், இருபது ராண்டு பந்தயம் கட்டுகிறீர்கள் என்றால் அதைப் பையிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். ஏன் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பெரியப்பாவின் பக்கம். அவர் அதை வாங்கிய 2002-ல் அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. கோல்ஃப் விதிகளை எழுதுவது இரண்டு அமைப்புகள், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஆர் அண்ட் ஏ ஒன்று, அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏ இன்னொன்று. தென்னாப்பிரிக்கா எப்போதும் ஆர் அண்ட் ஏ பக்கம். டைட்டானியத்தில் மெல்லிய முகம் வைத்த டிரைவர்கள் வந்து, முகமே டிராம்போலின் மாதிரி பந்தைத் தள்ள ஆரம்பித்தபோது யுஎஸ்ஜிஏ 1998-லேயே அதற்கு ஒரு வரம்பு வைத்தது. ஆர் அண்ட் ஏ அப்போது வைக்கவில்லை. அதனால் சில வருடங்கள் அமெரிக்காவில் கூடாத டிரைவரை நம் ஊரில் கடையில் நேராக வாங்கி, நேராகப் போட்டியில் அடிக்க முடிந்தது. 2000-ல் கேலவே கம்பெனி வரம்பைத் தாண்டிய டிரைவர் ஒன்றை அமெரிக்காவிலேயே விற்கக் கொண்டுவந்தது. பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள் இதை வைத்துக்கொள்வதில் தப்பில்லை என்று அமெரிக்காவின் பெரிய ஆட்டக்காரர் ஆர்னல்ட் பாமரே சொன்னார், அதற்கு அவருக்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஆக, நீங்கள் கேட்கும் கேள்வியை உங்களுக்கு முன்னாலேயே பெரிய ஆட்கள் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள். பிறகு இரண்டு அமைப்புகளும் பேசி ஒத்துக்கொண்டன. 2003 முதல் உயர்மட்டப் போட்டிகளுக்கு மட்டும் அந்த வரம்பு, 2008 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும். பெரியப்பா நியாயமாக வாங்கிய மட்டை அந்தப் புத்தாண்டு அன்று காலையில் விதிக்குப் புறம்பானதாகிவிட்டது, யாரும் வீட்டுக்கு வந்து சொல்லவுமில்லை. நம் ஆட்கள் வீட்டுக் கராஜில் அப்படிப்பட்ட மட்டைகள் எத்தனையோ கிடக்கின்றன.

சரி, வரம்பு என்ன? மட்டை முகமும் பந்தும் மோதி விலகும்போது வேகம் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பதை ஒரு எண்ணால் சொல்வார்கள். நூறு வேகத்தில் நெருங்கி எண்பத்து மூன்று வேகத்தில் விலகினால் 0.83. அதுதான் உச்ச வரம்பு. இப்போது அதை நேராக அளப்பதில்லை. ஒரு சின்ன எஃகு ஊசலை மட்டை முகத்தில் மோதவிட்டு, எத்தனை மைக்ரோ வினாடி ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். அளவு 239, சலுகை 18, மொத்தம் 257-ஐத் தாண்டக்கூடாது. அந்தக் காலத்து 'சூடான' டிரைவர்கள் 0.86 வரைகூடப் போயின என்று வைத்துக்கொள்வோம். மட்டைத்தலை 200 கிராம், பந்து 46 கிராம், நீங்கள் மணிக்கு 90 மைல் வேகத்தில் வீசுகிறீர்கள். பள்ளிக்கூட இயற்பியல் கணக்குப் போட்டால், 0.83 மட்டையில் பந்து சுமார் 134 மைல் வேகத்தில் கிளம்பும், 0.86 மட்டையில் சுமார் 136. இரண்டு மைல் வித்தியாசம். தரையில் அது நான்கு மீட்டர், மிஞ்சினால் ஐந்து. அதுவும் முகத்தின் நட்ட நடுவில் பட்டால். 24 ஹேண்டிகேப்காரர் பத்து முறை அடித்தால் எத்தனை முறை நடுவில் படும் என்பது உங்களுக்கே தெரியும். மட்டைத்தலையின் குதிகால் பக்கமோ நுனிப் பக்கமோ பட்டால் இழக்கும் தூரம் இந்த நான்கு மீட்டரைப்போல மூன்று நான்கு மடங்கு. இதற்கும் மேலே, 2002-ன் டிரைவர்களுக்குத் தலை சிறியது. இன்றைக்கு 460 கன சென்டிமீட்டர் வரை அனுமதி, ஓரத்தில் பட்டாலும் தலை திரும்பாமல் தாங்கும்படி எடையைச் சுற்றிலும் பரப்பிச் செய்கிறார்கள். ஐந்தாறு வருடம் பழைய, விதிக்கு உட்பட்ட ஒரு செகண்ட் ஹேண்ட் டிரைவர் பெரியப்பாவின் மட்டையைவிட உங்களை ஃபேர்வேயில், அதாவது நடுவில் இருக்கும் வெட்டிய புல்வெளியில், அதிக முறை நிறுத்தும். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. புதியது வாங்கச் சொல்லவில்லை, இன்றைக்குப் புது டிரைவர் பத்தாயிரம் ராண்டைத் தாண்டிப் போகிறது, அந்தப் பணத்துக்கு ஒரு வருடம் முழுக்க ஆட்டம் கற்றுக்கொள்ளலாம்.

லாபம் இவ்வளவுதான் என்றால் விதியை ஏன் மதிக்க வேண்டும் என்று உடனே கேட்பீர்கள். கேள்வியை நான் திருப்பிப் போடுகிறேன். லாபம் இவ்வளவுதான் என்றால் மீற வேண்டிய அவசியம் என்ன? உங்களுக்குக் கிடைப்பது நான்கு மீட்டர், போவது மற்றவர்கள் உங்கள் ஸ்கோர் கார்டைப் பார்த்து நம்புகிற அந்த நம்பிக்கை. கிரிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடும்போது சுவரில் பட்டால் அவுட், அடுத்த வீட்டுக்குள் போனால் அவுட் என்று நாமே விதி போட்டுக்கொள்கிறோம், அதில் யாருக்கும் குறையில்லை. லீக் ஆட்டத்துக்குப் போனால் அம்பயர் மட்டையின் கனத்தைப் பார்க்கலாம். 2017 முதல் கிரிக்கெட் மட்டையின் ஓரத்துக்கு 40 மில்லிமீட்டர், மொத்தக் கனத்துக்கு 67 மில்லிமீட்டர் என்று அளவு வைத்துவிட்டார்கள். கோல்ஃபில் என்ன வித்தியாசம் என்றால் அம்பயரே கிடையாது. நீங்கள் ஒரு ஓரத்தில் புல்லுக்குள் நிற்கிறீர்கள், நான் மறு ஓரத்தில் மரத்தடியில் நிற்கிறேன், இந்தக் குழிக்கு ஆறு முறை அடித்தேன் என்று நீங்கள் சொன்னால் ஆறு என்று நான் எழுதிக்கொள்கிறேன். மட்டையும் பந்தும் ஒரே அளவுகோலுக்கு உட்பட்டவை என்பதுதான் அந்த ஆறுக்கு அடியில் இருக்கிற தளம்.

ஹேண்டிகேப் வந்த பிறகு இது இன்னும் கூர்மையாகிறது. உங்கள் 24-ஐயும் என் 12-ஐயும் ஒரே பலகையில் வைத்து ஸ்டேபிள்ஃபோர்ட் (குழிக்குக் குழி புள்ளி சேர்க்கும் ஆட்டம்) ஆட முடிகிறது என்றால், இரண்டு எண்ணும் ஒரே விதியில் ஆடிய ஆட்டங்களிலிருந்து வந்தவை என்பதால்தான். உலக ஹேண்டிகேப் முறையில் விதிப்படி ஆடிய ஆட்டம் மட்டுமே பதிவுக்கு ஏற்றது. விதிக்குப் புறம்பான மட்டையால் ஆடிய ஸ்கோரைப் பதியக்கூடாது. போட்டியில் என்றால் இன்னும் கடுமை, அப்படிப்பட்ட மட்டையால் ஒரே ஒரு அடி அடித்தாலும் ஆட்டத்திலிருந்தே நீக்கம், அடிக் கணக்கில் தண்டனை என்ற பேச்சே இல்லை. பையில் சும்மா வைத்திருந்து அடிக்காமல் இருந்தால் தண்டனை இல்லை, ஆனால் ஒருவர் பையில் பதினான்கு மட்டைக்கு மேல் கூடாது, அந்தக் கணக்கில் அதுவும் ஒன்று.

அந்தப் பதினான்கைப் பற்றி என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. எங்கள் கிளப்பின் மாதப் போட்டி, முதல் நாள் மாலை அக்கா பையனைப் பயிற்சித் திடலுக்கு அழைத்துப் போயிருந்தேன், ஒன்பது வயது, அவனுடைய சின்ன ஏழாம் நம்பர் அயர்ன் மட்டை என் பைக்குள்ளேயே தங்கிவிட்டது. காலையில் நான் எண்ணவில்லை. ஐந்தாவது குழியில் வெட்ஜ் மட்டையை எடுக்கப் போனபோது கையில் அது வந்தது. பதினைந்து. அதை வைத்து நான் ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை, அடிக்கவும் முடியாது, என் முழங்காலுக்குத்தான் வரும். இருந்தாலும் விதி விதிதான், மீறல் நடந்த ஒவ்வொரு குழிக்கும் ஸ்கோரில் இரண்டு அடி கூடும், அதிகபட்சம் நான்கு. உடனே கூட ஆடியவர்களிடம் சொல்லி, அந்த மட்டையைப் பையில் தலைகீழாகக் குத்திவைத்தேன், இனி அது ஆட்டத்தில் இல்லை என்று காட்டுவதற்கு அதுவும் ஒரு வழி. அதைச் செய்யாமல் ஆட்டத்தைத் தொடர்ந்திருந்தால் நீக்கம். அன்றைக்குக் கோப்பை இரண்டு அடியில் கைநழுவியது. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த நான்கு அடியை எழுதாமல் விட்டு அந்தக் கோப்பையை வீட்டு ஷெல்ஃபில் வைத்திருந்தால், அக்கா பையன் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். இதே கதி 2001 பிரிட்டிஷ் ஓப்பனில் இயன் வூஸ்னமுக்கு நடந்தது, ராயல் லித்தமில் கடைசி நாள், முதல் குழியில் பேர்டி (இலக்கைவிட ஒரு அடி குறைவு) போட்டு முன்னணியில் சேர்ந்த ஆள், இரண்டாவது டீயில், அதாவது இரண்டாவது குழிக்கு முதல் அடி அடிக்கும் இடத்தில், பையில் இரண்டு டிரைவர் இருப்பதைக் கண்டார்கள். இரண்டு அடி போச்சு, கடைசியில் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1930-களில் இருபதுக்கு மேல் மட்டைகளை, பை சுமக்கும் கேடியின் தோளில் ஏற்றிய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், அதற்குக் கடிவாளமாகத்தான் 1938-லும் 1939-லும் அமெரிக்காவும் ஆர் அண்ட் ஏ-வும் அடுத்தடுத்து இந்தப் பதினான்கை வைத்தன. பணக்காரன் ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு மட்டை வாங்கிவிடுவான், மற்றவன் ஒரே மட்டையைப் பாதி வேகத்தில் வீசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நிலையை அந்த எண் ஓரளவு தடுக்கிறது. எனக்குப் பிடித்த விதி அது.

இங்கே நம் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பலர் கடன் வாங்கிய மட்டையில் ஆடிப் பழகியவர்கள். நானும் சித்தப்பாவும் ஆற்றோரம் இருக்கும் பப்வா செவ்கோலம் மைதானத்தில் ஒரே பையிலிருந்து ஏழு மட்டைகளை மாற்றி மாற்றி எடுத்துத்தான் ஆரம்பித்தோம். சாதாரண ஆட்டத்தில் அதில் தப்பே இல்லை. போட்டியில் மட்டும் அடுத்தவர் ஆடிக்கொண்டிருக்கும் மட்டையை வாங்கி அடிக்கக்கூடாது. ஒரே அணியில் இணைந்து ஆடும் இரண்டு பேர் மட்டும், இருவருடையதும் சேர்த்து பதினான்குக்குள் இருந்தால், பகிர்ந்துகொள்ளலாம். அப்பாவும் மகனும் ஒரே பையோடு வந்து ஃபோர்பால் ஆட விதியே இடம் தருகிறது, அது பலருக்குத் தெரியாமல் கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுகிறார்கள்.

அந்த மைதானத்துக்குப் பெயர் கொடுத்தவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனமில்லை. சியூசங்கர் செவ்கோலம், எல்லோருக்கும் பப்வா. கேடியாக இருந்து ஆட்டம் கற்றவர், பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. மட்டையைப் பிடிக்கும் விதமே தலைகீழ், மற்றவர்கள் இடது கையை மேலே வைத்துப் பிடித்தால் இவருக்கு வலது கை மேலே, இடது கை கீழே. அந்தப் பிடியோடு ஹாலந்து போய் 1959, 1960, 1964 என்று மூன்று முறை டச்சு ஓப்பன் ஜெயித்தார். 1963-ல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன் ஜெயித்தபோது, வெள்ளையருக்கு மட்டுமான கிளப் கட்டடத்துக்குள் அவரை விடாமல், வெளியே மழையில் நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965-ல் உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரையே தோற்கடித்து மறுபடியும் அதே பட்டத்தை எடுத்தார். அதற்குப் பிறகு அவரை இந்த நாட்டுப் போட்டிகளில் ஆடவே விடவில்லை. நான் ஏன் இதை இங்கே கொண்டுவருகிறேன் என்றால், அந்த நாளில் அந்தப் புல்வெளியில் எத்தனையோ சட்டங்கள் இருந்தன, எந்தக் கதவு வழியாக வரலாம், எங்கே உட்காரலாம், எங்கே சாப்பிடலாம் என்று, எல்லாமே தோலைப் பார்த்து எழுதியவை. மட்டையும் பந்தும் எப்படி இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் யார் கையில் இருக்கிறது என்று கேட்கவில்லை. கைகளை மாற்றிப் பிடிக்காதே என்று அது சொல்லவில்லை. கேரி பிளேயருக்கும் பதினான்கு, பப்வாவுக்கும் பதினான்கு. மற்றச் சட்டங்களை எழுதியவர்களால் அவருடைய வெற்றியைப் பொய் என்று சொல்ல முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் 'அமெச்சூருக்கு எதற்கு விதி' என்று நம்ம வீட்டுப் பையன் ஒருவன் கேட்கும்போது நான் சும்மா இருக்க மாட்டேன்.

அதற்காக எல்லா விதியையும் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குழி இருக்கும் கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான பட்டரில் நீளமானதை நெஞ்சிலோ வயிற்றிலோ ஊன்றி அடிப்பதை 2016 ஜனவரியிலிருந்து தடுத்தார்களே, அதில் எனக்கு இன்னமும் மனக்குறை உண்டு. நம் டர்பனில் பிறந்து உம்கோமாஸில் வளர்ந்த டிம் கிளார்க்குக்குப் பிறவியிலேயே முன்கைகள் முழுதாகத் திரும்பாது. நெஞ்சில் ஊன்றும் நீள பட்டர்தான் அவருக்கு வழி, அதை வைத்து 2010-ல் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் ஜெயித்தார். அந்தத் தடை வரும்போது எழுந்து பேசிய ஆட்டக்காரர்களில் அவரும் ஒருவர். முதுகுவலியோடு கிரீனில் குனிய முடியாத அறுபது எழுபது வயது அமெச்சூர்கள் எத்தனை பேரை நானே பார்க்கிறேன். நீள பட்டர் இன்னமும் விதிக்கு உட்பட்டதுதான், உடம்பில் ஊன்றாமல் அடித்தால் போதும் என்பது உண்மை. ஆனாலும் சாதாரண ஆட்டக்காரருக்கு அதை விட்டுவைத்திருக்கலாம். என் கருத்து இது, ஆனால் போட்டியில் நான் அதைக் கடைப்பிடிக்கிறேன், கடைப்பிடிக்கச் சொல்கிறேன்.

பந்து விஷயத்துக்கு வருவோம். பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது, குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வயதானவர்கள் 'சின்னப் பந்து' என்று ஒன்றைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள், ஆர் அண்ட் ஏ நாடுகளில் 41.15 மில்லிமீட்டர் பந்தும் செல்லும், கடல் காற்றில் அது நன்றாக முன்னேறும், அதை 1990-ல்தான் முழுக்க நிறுத்தினார்கள். பந்தின் அளவே மாறியிருக்கிறது, ஆட்டம் நிற்கவில்லை. இப்போதைய மாற்றம் தூரத்தைப் பற்றியது. பரிசோதனைக் கூடத்தில் இயந்திரத்தால் அடித்தால் பந்து 317 யார்டு, சலுகை 3 யார்டு, அதற்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு ஏற்கெனவே உண்டு. இதுவரை அந்த இயந்திரம் மணிக்கு 120 மைல் வேகத்தில் அடித்தது, இனி 125 மைலில் அடித்தும் அதே 317-க்குள் நிற்க வேண்டும் என்று 2023 டிசம்பரில் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பின்படி தொழில்முறை ஆட்டத்துக்கு 2028, உங்களுக்கும் எனக்கும் 2030. மிக நீளமாக அடிப்பவர்களுக்கு 13 முதல் 15 யார்டு குறையும், நம்மைப் போன்றவர்களுக்கு 5 யார்டோ அதற்கும் குறைவோ என்று அவர்களே கணக்குச் சொல்கிறார்கள். நீங்கள் ஜோஹன்னஸ்பர்க் போய் ஆடினால் அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போகும், திரும்ப டர்பன் கடற்கரைக்கு வந்தால் அவ்வளவும் போய்விடும், அதற்காக யாரும் மட்டையைத் தூக்கி எறிவதில்லை. ஐந்து யார்டுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். தொழில்முறைக்காரருக்கு மட்டும் தனிப் பந்து வைக்கலாம் என்று 2023 மார்ச்சில் யோசனை சொன்னார்கள், அப்புறம் அதை விட்டுவிட்டு எல்லோருக்கும் ஒரே பந்து என்று முடிவெடுத்தார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சி. சாட்ஸ்வொர்த்தில் நீங்கள் அடிக்கும் அதே பந்தைத்தான் பெரிய போட்டியிலும் அடிக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ள முடிகிற ஆட்டங்கள் குறைவு.

ஆற்றிலிருந்தும் குளத்திலிருந்தும் எடுத்து விற்கும் பழைய பந்துகளைப் பற்றிச் சிலர் பயப்படுகிறார்கள். விதிக்கு உட்பட்ட பந்தாக இருந்தால் பழையதானாலும் ஆடலாம். சில பெரிய போட்டிகளில் மட்டும் அங்கீகரித்த பட்டியலில் இருக்கும் பந்தையே ஆட வேண்டும் என்று உள்ளூர் விதி இருக்கும், அதை நோட்டீஸ் பலகையில் போட்டிருப்பார்கள்.

இப்போது உங்கள் சிப்பர். அதைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் அடிக்கும் முகம் இருந்தால் கூடாது, இரண்டு முகம் பட்டருக்கு மட்டும்தான் அனுமதி. பிடி பட்டரின் பிடி மாதிரி முன்பக்கம் தட்டையாக இருந்தாலும் கூடாது, ஏனென்றால் சிப்பர் அயர்ன் கணக்கில்தான் வரும், அயர்னுக்குப் பிடி வட்டமாகத்தான் இருக்க வேண்டும். பிடி மட்டும்தான் பிரச்சினை என்றால் புதிய பிடி போட்டுவிடலாம், அதிகச் செலவில்லை. நம் மாமாக்கள் வைத்திருக்கும் சிப்பர்களில் பாதி இந்த இரண்டில் ஒன்றில் மாட்டும், யாரும் பார்ப்பதில்லை. டிரைவரைவிட அமெச்சூர் பையில் அதிகம் இருக்கும் மீறல் இதுதான் என்று என் அனுபவம் சொல்கிறது.

இன்னும் இரண்டு மூன்று, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் 2019 முதல் பொதுவாக அனுமதி, ஆனால் ஏற்ற இறக்கத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் வசதியைப் போட்டியில் அணைத்துவிட வேண்டும், முதல் முறை பயன்படுத்தினால் இரண்டு அடி, மறுபடியும் செய்தால் நீக்கம். டர்பன் வெயிலில் முகத்துக்குப் பூசிய சன் க்ரீமை டிரைவர் முகத்திலும் தடவிக்கொண்டால் பந்தின் சுழற்சி குறைந்து நேராகப் போகும் என்று ஒரு பழக்கம் ஓடுகிறது, அது தெளிவான மீறல். தேய்ந்துபோன வெட்ஜ் பிரச்சினையில்லை, ஆடி ஆடித் தேய்ந்தது விதிக்கு உட்பட்டதே. ஆனால் அதன் முகத்தில் இருக்கும் கோடுகளைக் கருவி வைத்துச் சுரண்டிக் கூர்மையாக்கினால் வரம்பைத் தாண்டிவிட வாய்ப்புண்டு, அதைச் செய்யாதீர்கள். பெரிய பிராண்டின் பெயரை ஒட்டி இணையத்தில் பாதி விலைக்கு வரும் போலி மட்டைகளை வாங்காதீர்கள். நான் ஒருமுறை வாங்கினேன். பெட்டி அசல் மாதிரியே இருந்தது, மூன்று மாதத்தில் தலை கழன்று வந்தது. உள்ளே என்ன உலோகம், முகம் எவ்வளவு கனம், எந்த அளவுக்கு உட்பட்டது என்று அப்படிப்பட்ட மட்டையைப் பற்றி யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதை வைத்து எத்தனை ஆட்டம் பதிந்திருக்கிறேன் என்று அன்றைக்கு உட்கார்ந்து எண்ணினேன். கமிட்டியிடம் சொல்லி அவற்றை எடுத்துவிடச் சொன்னேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் டிரைவரைக் குறை சொன்ன அந்த நண்பர், அதே சனிக்கிழமை முதல் டீயில் பந்து காட்டுக்குள் போனதும் இன்னொன்றை எடுத்து வைத்து மறுபடி அடித்தாரா, குழிக்கு மூன்றடி தூரத்தில் கிடந்த பந்தை உருட்டாமலே 'கொடுத்தாச்சு' என்று எடுத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. அப்படிச் செய்திருந்தால் அவருடைய ஸ்கோரிலும் உங்கள் நான்கு மீட்டரைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது. மட்டை விதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஆட்ட விதியை விடுவது நியாயமில்லை. உங்கள் கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள், பாதி ஆட்டத்தில் நிற்கும் ஹாஃப்வே ஹவுஸில் சமோசாவும் தேநீரும் வரும் அந்தப் பத்து நிமிடம் போதும். இன்றைக்குப் பொழுதுபோக்கா, பதிகிற ஆட்டமா என்று முதல் டீயிலேயே சொல்லிவிட்டு ஆடுங்கள். பொழுதுபோக்கு என்றால் பெரியப்பா மட்டை வரட்டும், மறுபடி அடிப்பதும் வரட்டும். பதிகிற ஆட்டம் என்றால் இரண்டும் வேண்டாம்.

கடைசியாக, அந்த டிரைவரை உடனே ஒதுக்கிவிடாதீர்கள், முதலில் பாருங்கள். அடிப்பாகத்தில் இருக்கும் பெயர், மாடல், கோணத்தின் எண், இன்னும் ஏதாவது குறி இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர் அண்ட் ஏ இணையதளத்தில் விதிக்கு உட்பட்ட டிரைவர் தலைகளுக்கு ஒரு பட்டியல், உட்படாதவற்றுக்கு இன்னொரு பட்டியல் இருக்கிறது, இரண்டையும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரே பெயரில் ஒரு சின்னக் குறி வித்தியாசத்தில் ஒன்று இதிலும் இன்னொன்று அதிலும் இருக்கும், அதனால் அவசரப்படாமல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். முதல் பட்டியலில் இருந்தால் நண்பரிடம் படத்தைக் காட்டிவிட்டு நிம்மதியாக அடியுங்கள். இரண்டாவதில் இருந்தால் பெரியப்பாவிடம் போய், 2008 வரை இது சரியான மட்டைதான், நீங்கள் ஏமாந்து வாங்கவில்லை என்று முதலில் சொல்லுங்கள். அந்த வயதில் அவருக்கு அதைக் கேட்பது முக்கியம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரையும் கூட்டிக்கொண்டு பப்வா மைதானத்துக்குப் போய், கார்டு எதுவும் எழுதாமல், அவர் கையாலேயே அதை அடிக்கச் சொல்லுங்கள்.